பம்பாய் டிராம் கொட்டகை

பம்பாய்க்குப் போய்த் திரும்புகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே ஜாபிதாதான் இருக்கும். இந்தியாவின் நுழைவாயில், தாஜ்மஹால் ஹோட்டல், மலபார் குன்றின் தொங்கும் தோட்டம், எலிபெண்டா குகை, மகாலட்சுமி கோயில் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்கள். 1995-ஆம் ஆண்டில் ஊரின் பெயர் மும்பை என்று மாறிய பிறகும் இந்த ஜாபிதா மட்டும் மாறவில்லை. கொலாபாவிலுள்ள "எலெக்ட்ரிக் ஹவுஸ்" என்ற கட்டடத்துக்கு அதில் இடம் கிடையாது. கிடைக்க நியாயமும் இல்லை. நகர பஸ் நிர்வாகத்தின் தலைமைக் காரியாலயத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள யாருக்குத்தான் தோன்றும்? ஆனாலும், பணக்காரனும் குமாஸ்தாவும் ஒரே பலகையில் உட்கார்ந்து பிரயாணம் செய்யலாம் என்பதைப் பம்பாய் நகரம் முதன் முதலில் கற்றுக்கொண்டது அந்த மண்ணிலிருந்துதான். அங்கே ஒரு காலத்தில் பம்பாயின் டிராம் கம்பெனி இருந்தது.

ரீகல் சினிமாவை விட்டுத் தெற்கு நோக்கிப் போகும் சாலைக்கு ஜனங்கள் கொலாபா காஸ்வே என்று பெயர் சொல்வார்கள். பலகையில் ஷஹீத் பகத்சிங் சாலை என்று எழுதியிருக்கும். செருப்பு, மணிமாலை, பழைய கடிகாரம், புதிய பனியன் எல்லாவற்றையும் நடைபாதையிலேயே பரப்பி விற்கிற சாலை அது. கொலாபா ஆதியில் தனித் தீவு. அதைப் பம்பாயோடு இணைக்கும் மேட்டுப்பாதை 1838-இல் முடிந்தது. பாதை வந்ததும் பருத்தி வியாபாரம் அந்தப் பக்கம் குடியேறியது; பருத்தி வந்ததும் பணம் வந்தது; பணம் வந்ததும் அவசரம் வந்தது. கோட்டைப் பகுதிக்கும் கொலாபாவுக்கும் இடையே தினந்தோறும் போய் வர ஒரு சாதனம் வேண்டும் என்று வியாபாரிகளுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. அந்தச் சாலையின் மேற்குப் பக்கத்தில்தான் நாம் சொல்லும் இடம் இருக்கிறது.

முதலில் யோசனை சொன்னவர்கள் அமெரிக்கர்கள். 1865-ஆம் ஆண்டிலேயே ஓர் அமெரிக்கக் கம்பெனி, குதிரை டிராம் ஓட்டுவதற்கு அனுமதி கேட்டு வாங்கிவிட்டது. ஆனால் வண்டி ஓடவில்லை. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்த வரையில், அங்கிருந்து பருத்தி வராததால் லங்காஷயர் ஆலைகள் பம்பாய்ப் பருத்திக்காகக் காத்துக் கிடந்தன. பம்பாயில் பணம் வெள்ளமாகப் புரண்டது. பங்கு வியாபாரம் பித்தாகப் பிடித்தது. யுத்தம் முடிந்த அன்றே வெள்ளம் வடியத் தொடங்கியது. பெரிய பெரிய சேட்டுகள் இன்ஸால்வெண்டு கொடுத்த அந்த வருஷத்தில், டிராமுக்கு முதல் போட யார் வருவார்கள்? அமெரிக்கச் சண்டையினால் பணக்கார ஊரான பம்பாய், அமெரிக்கச் சமாதானத்தினால் டிராமை இழந்தது.

எட்டு வருஷம் கழித்து, 1873-இல், பம்பாய் டிராம்வே கம்பெனி ஏற்பட்டது. ஸ்டேர்ன்ஸ், கிட்ரிட்ஜ் என்ற இருவர் பெயரால் நடந்த வியாபார ஸ்தாபனத்தார் அதை நடத்தினார்கள். இன்று எலெக்ட்ரிக் ஹவுஸ் நிற்கும் இடத்தில்தான் அவர்களுடைய காரியாலயம் இருந்தது. 1874-ஆம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி முதல் வண்டிகள் புறப்பட்டன. ஒரு வழி, கொலாபாவிலிருந்து கிராபோர்டு மார்க்கெட் வழியாகப் பைதோனிக்கு. மற்றொரு வழி, போரிபந்தரிலிருந்து கால்பாதேவி வழியாக அதே பைதோனிக்கு. கம்பெனியின் லாயத்தில் 900 குதிரைகள் இருந்தனவாம்!

தொள்ளாயிரம் குதிரை என்பதை வாசகர்கள் சற்று நிதானித்து நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிற்றரசனுடைய குதிரைப் படைக்குச் சமானம் அது. தினம் கொள்ளு ஊறப்போட வேண்டும், புல் வாங்க வேண்டும், லாடம் கட்ட வேண்டும், தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். ஒரு குதிரை நாள் முழுவதும் இழுக்காது. சில மணி நேரத்தில் களைத்துவிடும். ஆகவே சாலையில் ஓடும் ஒரு வண்டிக்குப் பின்னால் கொட்டகையில் பல குதிரைகள் தயாராக இருந்தாக வேண்டும். நகர மக்களின் கண்ணில் படுவது வண்டி. உண்மையில் டிராம் சர்வீஸ் என்பது கொட்டகைதான். பம்பாய் வெயிலில் குதிரைகள் மயங்கி விழாமல் இருப்பதற்காக அவற்றுக்குத் தொப்பி போட்டு ஓட்டினார்கள் என்றும் சொல்வதுண்டு. அந்த நாளில் தொப்பி போட்ட துரைமாரைக் கண்டால் ஜனங்கள் ஒதுங்கி வழி விடுவது வழக்கம். தொப்பி போட்ட குதிரைக்கும் விட்டிருப்பார்கள்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. மண் சாலையில் இழுக்க முடியாத பாரத்தைத் தண்டவாளத்தில் அதே குதிரை சுலபமாக இழுத்துச் செல்லும். டிராமின் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான். ஜட்காவில் மூன்று பேர் நெருக்கியடித்துப் போகிற செலவில், டிராமில் பலர் காலை நீட்டிக்கொண்டு போகலாம். முதலில் கொலாபாவிலிருந்து பைதோனிக்கு மூன்று அணா வாங்கினார்கள். டிக்கெட் என்பதே கிடையாது. கூட்டம் பெருகவே இரண்டு அணாவாகக் குறைத்தார்கள். டிக்கெட் இல்லாத வண்டியில் சில பேர் காசும் இல்லாமலே பிரயாணம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டதால், அந்த வருஷமே டிக்கெட்டும் வந்துவிட்டது. மனித சுபாவத்தைப் பற்றி டிராம் கம்பெனிக்காரர்களுக்கு ஆறு மாதத்தில் உண்டான ஞானம் சில தத்துவஞானிகளுக்கு ஆயுள் முழுவதும் உண்டாவதில்லை.

கால் நூற்றாண்டு குதிரை இழுத்தது. 1899-இல் கம்பெனியார் மின்சார டிராம் ஓட்ட விரும்பி நகரசபையிடம் விண்ணப்பித்துக்கொண்டார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். டிராமை நகரசபையே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு உரிமை சட்டத்தில் இருந்தது. அது 1901-இல் கைக்கு வர வேண்டியது. "நாங்கள் பெரிய முதல் போடப் போகிறோம், ஆகவே அந்த உரிமையை நீங்கள் விட்டுவிட வேண்டும்" என்பது கம்பெனியின் கோரிக்கை. நகரசபை விடவில்லை. விட மறுத்ததோடு நில்லாமல், கம்பெனியையே வாங்கிவிடுவது என்றும் தீர்மானித்தது. அந்த நாளில், அந்நிய ஆட்சியின் கீழே, ஒரு நகரசபைக்கு இவ்வளவு தைரியம் இருந்ததை நாம் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தைரியத்துக்கும் காரியத்துக்கும் நடுவே வக்கீல்கள் நின்றார்கள். சட்டச் சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. முடிவில், 1905-ஆம் ஆண்டில், பம்பாய் எலெக்ட்ரிக் ஸப்ளை அண்டு டிராம்வேஸ் கம்பெனி என்ற ஆங்கிலேயக் கம்பெனி தோன்றி, பழைய கம்பெனியின் சொத்துக்கள் அனைத்தையும் 98 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் ஏகபோக உரிமையும் அதற்கே கிடைத்தது. முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் "மிகச் சிறந்தது" என்று பொருள்படும் "பெஸ்ட்" என்ற சொல் வரும். பெயர் வைத்தவர் வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவராயிருக்க வேண்டும்.

வங்காளத்தில் சுதேசி இயக்கம் பிறந்ததும் அதே 1905-இல்தான். அங்கே அந்நியத் துணியைக் கொளுத்திக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒரு மாநகரத்தின் விளக்கும் வண்டியும் அந்நியர் கையில் பத்திரமாக ஒப்படைக்கப்பட்டன. ஒரே ஓர் ஆறுதல்: வருங்காலத்தில் எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் உரிமை புதிய ஒப்பந்தத்திலும் நகரசபைக்கு இருந்தது.

1907 மே 7-ந் தேதி பம்பாயில் முதல் மின்சார டிராம் ஓடியது. இந்தத் தேதியைச் சென்னை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சென்னையில் முதல் மின்சார டிராம் ஓடியது 1895 மே 7. அதாவது, பம்பாய் சேட்டுகள் குதிரையின் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது, நம் திருவல்லிக்கேணிக் குமாஸ்தாக்களின் ஊரில் மின்சார வண்டி பன்னிரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். நம்மிடம் பெருமைப்பட விஷயம் இருந்தால் நாம் அதை மறந்துவிடுவது வழக்கம், ஆகையால் சொல்லிவைத்தேன்.

மின்சாரம் வந்ததும் லாயத்துக்கு வேலை போயிற்று. கொள்ளு வாசனை போய் எண்ணெய் வாசனை வந்தது; லாடம் அடிக்கிற கொல்லன் போய் மோட்டார் பார்க்கிற மேஸ்திரி வந்தான். வாடி பந்தரில் நீராவியைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கினார்கள். வண்டியின் கூரையிலிருந்து ஒரு நீண்ட கம்பு மேலெழுந்து, சாலைக்கு மேலே கட்டிய கம்பியைத் தொட்டுக்கொண்டே போகும். பிரயாணிகளின் கூட்டத்தைச் சமாளிக்க 1920-இல் மாடி டிராமும் வந்துவிட்டது.

இதற்குள் இன்னொரு காரியமும் நடந்தது. ஜம்ஷெட்ஜி டாட்டா கண்ட கனவு அவர் காலமான பிறகு பலித்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்கிற மழையைத் தேக்கி, 1915-இல் கோப்போலியில் நீர்மின்சாரம் உற்பத்தியாயிற்று. டிராம் கம்பெனியும் அதை வாங்கத் தொடங்கியது. 1923-க்குள் தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிட்டு, வேண்டிய மின்சாரம் முழுவதையும் டாட்டாவிடமே வாங்கியது. வண்டி ஆங்கிலேயனுடையது, லாபம் ஆங்கிலேயனுடையது, ஆனால் அதை இழுத்தது நம் மலையில் பெய்த மழை. காந்தி மகான் ராட்டையைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், பம்பாய் டிராம் இப்படிப் பாதி சுதேசியாக ஓடிக்கொண்டிருந்தது.

கொலாபாவில் தொடங்கிய தண்டவாளம் நாளடைவில் ஊரெங்கும் கிளைத்தது. வடக்கே தாதர், அதற்கும் அப்பால் கிங்ஸ் சர்க்கிள் வரையில் நீண்டது. கிங்ஸ் சர்க்கிள் என்றதும் தமிழர்களுக்கு மாதுங்கா நினைவு வரும். கோட்டைப் பகுதிக் காரியாலயங்களில் கணக்கெழுதவும் சுருக்கெழுத்து எடுக்கவும் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் போன குடும்பங்கள் அங்கேதான் குடியேறின. நெற்றியில் விபூதி, கையில் சாப்பாட்டு டப்பா, மடியில் ஆங்கிலப் பத்திரிகை. முனையிலேயே ஏறிவிட்டதால் உட்கார இடம் நிச்சயம். ஓர் அணாக் கொடுத்தால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒன்றரை மணி நேரம் பிரயாணம் செய்யலாம். பத்திரிகையில் தலையங்கம் முதல் கல்யாண விளம்பரம் வரையில் படித்து முடிக்க அது போதும்.

இந்தக் கிளைகளில் ஒன்று கோவாலியா குளத்தில் போய் முடிந்தது. கோவாலியா என்றால் இடையர். மாடுகளைக் குளிப்பாட்டுகிற குளமாக இருந்து, பிற்காலத்தில் குளம் மூடப்பட்டு மைதானமான இடம் அது. டிராம் வரிசையில் அது ஒரு முக்கியமான முனை. வண்டி அங்கே வந்து நின்றதும், ஓட்டுகிறவர் பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறு கோடிக்குப் போவார். கண்டக்டர் கயிற்றைப் பிடித்துக் கூரைக் கம்பை ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பி விடுவார். வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை, பின்புறமே முன்புறமாகிவிடும். "இதோடு சரி, இனி வழியில்லை" என்ற இடத்திலிருந்தே எதிர்த் திசைப் பிரயாணம் தொடங்கும்.

தேச சரித்திரத்திலும் அந்த இடத்தின் வேலை அதுவே. மைதானத்துக்குப் பக்கத்தில் கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரி இருந்தது. 1885 டிசம்பர் 28-ந் தேதி 72 பிரதிநிதிகள் அங்கே கூடினார்கள். புனாவில் கூடுவதாயிருந்து, அங்கே காலரா பரவியதால் பம்பாய்க்கு மாற்றிய கூட்டம் அது. காங்கிரஸ் மகாசபை பிறந்தது. அதில் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் சென்னையிலிருந்து போயிருந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், "சுதேசமித்திர"னைத் தமிழர்களுக்குக் கொடுத்த அதே சுப்பிரமணிய ஐயர். ஐம்பத்தேழு வருஷம் கழித்து, 1942 ஆகஸ்டு 7-ந் தேதி, அதே கோவாலியா குளத்து மைதானத்தில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கூடியது. மறுநாள் இரவு "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் நிறைவேறியது. "செய் அல்லது செத்து மடி" என்று மகாத்மா மந்திரோபதேசம் செய்தார். 9-ந் தேதி பொழுது விடிவதற்குள் தலைவர்கள் எல்லாரும் கைதாகிவிட்டார்கள். ஆனாலும் அன்று காலை அருணா அஸப் அலி என்ற பெண்மணி அந்த மைதானத்தில் கொடியை ஏற்றிவைத்தார். போலீஸார் கண்ணீர்ப்புகை விட்டார்கள், தடியடி செய்தார்கள். டிராம் முனைக்கு அன்றுபோல் கூட்டம் அதற்கு முன்னும் வந்திராது, பின்னும் வந்திராது. இப்போது அதற்கு ஆகஸ்டுப் புரட்சி மைதானம் என்று பெயர்.

அந்த ஆகஸ்டு 7-ஐ மறக்க வேண்டாம். சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1947 ஆகஸ்டு 7-ந் தேதி, பம்பாய் நகரசபை தன் உரிமையைப் பயன்படுத்தி டிராம் கம்பெனியை விலைக்கு வாங்கியது. தேசம் சுதந்திரம் அடைவதற்கு எட்டு நாள் முன்னதாகவே பம்பாய் வாசிகளுடைய வண்டியும் விளக்கும் சுதந்திரம் அடைந்துவிட்டன! 1901-இல் கிடைத்திருக்க வேண்டியது நாற்பத்தாறு வருஷம் தாமதித்து வந்தது. கொலாபாக் கட்டடம், கொட்டகைகள், தண்டவாளம், கம்பி, வண்டி எல்லாம் ஊருக்குச் சொந்தம். பெயரில் மட்டும் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள்: "டிராம்வேஸ்" என்பதை எடுத்துவிட்டு "டிரான்ஸ்போர்ட்" என்று போட்டார்கள். முதலெழுத்து மாறவில்லை; ஆகையால் "பெஸ்ட்" என்பதும் மாறவில்லை. ஆனால் டிராம் என்ற சொல் பெயரிலிருந்து போய்விட்டது.

சொல் போனதற்குப் பின்னால் பொருளும் போயிற்று. 1926-இலேயே பஸ் வந்துவிட்டது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, நடுச்சாலையில் நிதானமாகப் போகும் டிராம் எல்லாருக்கும் இடைஞ்சலாகத் தோன்றியது. சென்னை 1953 ஏப்ரலில் டிராமுக்கு விடை கொடுத்தது. பம்பாயில் வழிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்து, 1964 மார்ச் 31-ந் தேதி இரவு, போரிபந்தரிலிருந்து தாதருக்குக் கடைசி வண்டியை விட்டார்கள். அந்நியன் கையில் இருந்தவரை வாங்கப் போராடிய சொத்தை, கைக்கு வந்து பதினேழு வருஷத்துக்குள் நாமே தட்டி எடுத்துவிட்டோம். அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. லண்டனும் அதைத்தான் செய்தது. ஆனால் லண்டன் செய்தது என்பதற்காக ஒரு காரியத்தைச் செய்வதற்கு 1947 எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

2025 அக்டோபரில் பம்பாயின் பாதாள ரயில் கப் பரேடு வரையில் முழுவதும் திறக்கப்பட்டது. கால்பாதேவிக்கு அடியில் அதற்கு ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. 1874-இல் குதிரை டிராம் ஓடிய அதே கால்பாதேவிதான்! தெருவின் மேலே கிடந்த தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அறுபது வருஷம் யோசித்து, தெருவுக்குக் கீழே தண்டவாளம் போட்டாயிற்று. செலவு, வழி முழுவதற்கும் சேர்த்து, 37,000 கோடி ரூபாய்க்கு மேல். பழைய கம்பெனி 98 லட்சம் கொடுத்து வாங்கியது நினைவிருக்கட்டும். இரண்டு ரூபாயும் ஒரே ரூபாய் அல்ல என்பது எனக்கும் தெரியும். பாதாள ரயில் வேகமாகப் போகிறது, குளிர்ச்சியாக இருக்கிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை.

பூமிக்கு மேலே நடப்பதுதான் கவலை தருகிறது. நகரத்துக்குச் சொந்தமான பஸ்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, 2019-ஆம் வருஷத்துக்குப் பிறகு ஒப்பந்தக்காரர்களுடைய வாடகை வண்டிகள் பெருகி வந்திருக்கின்றன. 1937-இல் வந்த மாடி பஸ்ஸின் பழைய வகையில் கடைசி வண்டி 2023 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. புதிய மின்சார மாடி பஸ் பார்க்க அழகாயிருக்கிறது. ஆனால் அது குத்தகை வண்டி. சில டெப்போக்களின் நிலத்தில் தனியார் கட்டடங்கள் எழும்பிவிட்டன. பம்பாயில் ஒரு முழம் நிலத்தின் விலை என்ன என்பதை அறிந்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கொட்டகைதான் சர்வீஸ் என்று குதிரைக் கம்பெனிக்காரன் அறிந்திருந்தான். வண்டி நிற்க இடம் இல்லாத ஊரில் வண்டி எத்தனை நாள் ஓடும்?

டிராமின் அடையாளம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடுகிறவர்களுக்குச் சில இடங்கள் உண்டு. பழைய டிக்கெட்டுகள், டிக்கெட் இயந்திரங்கள், வண்டிகளின் சிறு உருவங்கள் இவற்றையெல்லாம் சேர்த்து 1984-இல் குர்லா டெப்போவில் ஒரு காட்சிச் சாலை வைத்தார்கள். 1993-இல் அதை ஆணிக் டெப்போவுக்கு மாற்றினார்கள். புளோரா நீரூற்றைப் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது, தார்ச் சாலைக்கு அடியிலிருந்து பழைய தண்டவாளம் வெளிப்பட்டது. பெயர்க்க மறந்துபோனதா, பெயர்க்கச் சோம்பிப் புதைத்துவிட்டதா, தெரியாது. எப்படியானாலும் அந்தச் சோம்பலுக்கு நம் வந்தனம்.

எலெக்ட்ரிக் ஹவுஸின் வாசலில் இன்னும் பஸ்கள் வந்து திரும்புகின்றன. கொலாபாவில் ஏறி வடக்கே போகிறவர்கள் தாதரில் இறங்கினால், அங்கே ஒரு வட்டச் சந்திப்பு இருக்கிறது. அதற்குக் கோதாதாத் சர்க்கிள் என்று பெயர் உண்டு. ஆனால் டாக்ஸிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பார். "தாதர் டி. டி." என்றால் உடனே கொடியைச் சாய்ப்பார். டி. டி. என்பது "டிராம் டெர்மினஸ்" என்பதன் சுருக்கம். புனாவுக்குப் போகிற வாடகைக் கார்க்காரர்கள் அந்த மூலையில் நின்றுகொண்டு ஆள் சேர்க்கிறார்கள்.